நாய்க்கு லட்டு கொடுக்கலாமா?

பல்லடத்தில் ஒரு பேக்கரி. காலை 6 மணி. ராத்திரி ஷிப்டு முடித்த தறிக்காரர்கள் வாசலில் நின்று டீ குடிக்கிறார்கள். அவர்கள் காலடியில் மூன்று நாய்கள்.

ஒருவர் பன்னைப் பிய்த்துப் போடுகிறார். இன்னொருவர் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கிறார். அப்பாவுடன் மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு சிறுவன், தன் கையில் இருந்த சாக்லேட்டை உடைத்து, பாதியை நாய்க்கு நீட்டுகிறான். நாய் லபக் என்று விழுங்குகிறது. அப்பா பார்த்துச் சிரிக்கிறார். பையனுக்கு இரக்க குணம் இருக்கிறதே என்று அவருக்குப் பெருமை!

இரக்கம் நல்லதுதான். ஆனால் அந்தப் பையன் கொடுத்த பண்டத்தில் நாய்க்கு ஆகாத விஷம் இருக்கிறது. அது அவனுக்கும் தெரியாது. அவன் அப்பாவுக்கும் தெரியாது.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். அந்த ஒரு துண்டில் பேக்கரி நாய் சாகப்போவதில்லை. அது எடையுள்ள நாய். ஆனால் அதே பையன் வீட்டுக்குப் போய், மடியில் வைத்துக் கொஞ்சுகிற 3 கிலோ பொமரேனியன் குட்டிக்கு ஒரு முழு சாக்லேட்டைக் கொடுத்தால்? தீபாவளிக்கு வந்த பலகாரப் பெட்டியை நாய்க்கு எட்டும்படி திண்ணையில் வைத்துவிட்டு, வீட்டார் எல்லோரும் கோவிலுக்குப் போய்விட்டால்?

கோழிக்கு மட்டும் கணக்கு!

பல்லடம் கோழி ஊர். கறிக்கோழியின் பண்ணை விலையை இங்கேதான் கூடி நிர்ணயம் செய்கிறார்கள். இந்த ஊர்ப் பண்ணைக்காரரிடம் போய், "குஞ்சுக்கு முதல் வாரம் எவ்வளவு தீவனம்?" என்று கேளுங்கள். கிராம் கணக்கில் சொல்வார். சோளம் எவ்வளவு, சோயா எவ்வளவு, தண்ணீரில் எந்த மருந்து, எல்லாம் அவருக்கு மனப்பாடம். சுமார் 40 நாளில் கறிக்குப் போகிற கோழிக்கு இத்தனை கணக்கு!

அதே பண்ணைக்குப் பத்து வருஷமாகக் காவல் இருக்கிற நாய்க்கு என்ன தீவனம்? கேட்டால் சிரிப்பார். "நாய்க்கு என்னங்க தீவனம்? நாம திங்கறதைத்தான் போடறோம்."

நாம் தின்கிறதைப் போடுவதில் பெரும்பாலும் தப்பில்லை. நாய் ஆயிரக்கணக்கான வருஷங்களாக மனிதனோடு ஒட்டி வாழ்ந்து, மனிதன் போட்ட சோற்றைத் தின்று பழகிய பிராணி. மாவுச்சத்தைச் செரிக்கும் சக்தி ஓநாயைவிட நாய்க்கு அதிகம் என்று 2013-ல் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்து எழுதினார்கள். கம்பஞ்சோறும் ராகிக்களியும் தின்று நம் பட்டி நாய்கள் கொழுகொழுவென்று வளர்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் சோறு வேறு, மிட்டாய் வேறு. அந்தக் காலத்தில் நம் வீட்டில் இனிப்பு என்றால் எள்ளுருண்டை, கச்சாயம், ஒப்பிட்டு. எல்லாம் வெல்லமும் மாவும்தான். அதிகம் தின்றால் நாய் கொழுக்கும், பல் கெடும். நெய்யும் எண்ணெயும் சொட்டுகிற பலகாரம் என்றால் கணையம் வீங்கி வயிற்று வலியில் துடிப்பதும் உண்டு. என்றாலும், ஒரு வாய் தின்றதற்கே உயிருக்கு ஆபத்து என்று சொல்ல முடியாது. பின்னால் வந்து சேர்ந்த பண்டங்களில்தான் அந்த ஆபத்து இருக்கிறது.

பூனைக்கு இந்தத் தொல்லை இல்லை. பூனையின் நாக்குக்கு இனிப்பு தெரியாது! இனிப்பை அறிவதற்கு வேண்டிய ஒரு மரபணு பூனைக்கு வேலை செய்வதில்லை என்று 2005-ல் தெரியவந்தது. லட்டைப் பூனை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். நாய்க்கு இனிப்பு நன்றாகத் தெரியும். அதனால்தான் கேட்டு வாங்கித் தின்கிறது.

சாக்லேட்டில் என்ன இருக்கிறது?

சாக்லேட் கோகோ விதையிலிருந்து செய்யப்படுகிறது. கோகோ மரம் எங்கோ வெளிநாட்டில் இருப்பது என்று எண்ண வேண்டாம். பல்லடத்தில் பஸ் ஏறிப் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் போனால், தென்னந்தோப்புக்குள் ஊடுபயிராகவே பார்க்கலாம்.

கோகோவில் 'தியோபுரோமின்' என்று ஒரு பொருள் இருக்கிறது. காப்பியில் இருக்கிற காபினுக்கு இது தம்பி மாதிரி. நாம் சாக்லேட் தின்றால் இந்தப் பொருள் ஓரளவு வேகமாக உடம்பிலிருந்து கழிந்துவிடும். நாயின் உடம்பில் அப்படி இல்லை. தின்றதில் பாதி கழியவே சுமார் 17 மணி நேரம் ஆகும். அதுவரை நாயின் இருதயத்தையும் நரம்பையும் அது முடுக்கிக்கொண்டே இருக்கும். முதலில் வாந்தி. பிறகு ஓரிடத்தில் நிற்காது; ஓடும், மூச்சு வாங்கும். இருதயம் படபடவென்று அடிக்கும். உடம்பு நடுங்கும். அளவு மீறினால் வலிப்பு வந்து செத்துவிடும்.

எது அளவு? அது நாயின் எடையையும் சாக்லேட்டின் ரகத்தையும் பொறுத்தது. நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லி கிராம் தியோபுரோமின் போனால் தொல்லை தொடங்கும் என்று வைத்தியர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். 60 மில்லி கிராம் போனால் வலிப்பு வரும். பால் சாக்லேட் ஒரு கிராமில் சுமார் 2 மில்லி கிராம் இருக்கிறது. கறுப்பு சாக்லேட்டில் அதைவிட இரண்டு, மூன்று மடங்கு. கேக்குக்குப் போடுகிற கோகோத் தூளில் ஏறக்குறைய பத்து மடங்கு!

3 கிலோ பொமரேனியனுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பால் சாக்லேட் என்றால் 30 கிராமில் தொல்லை தொடங்கும். கோகோத் தூள் என்றால் 3 கிராம் போதும். ஒரு டீக்கரண்டி அளவுதான்! பெட்டிக்கடையில் விற்கும் மலிவு சாக்லேட் பலவற்றில் கோகோவைவிடச் சர்க்கரையே அதிகம். நம் நாய்கள் பல பிழைத்துக் கிடப்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். மலிவிலும் ஒரு நன்மை!

நாய் சிறிய பிராணி, அதனால்தான் தாங்கவில்லை என்று நினைக்கிறீர்களா? 2014-ல் அமெரிக்காவில் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் நான்கு கரடிகள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தன. சுட்ட காயம் எதுவும் இல்லை. வேட்டைக்காரர்கள் கரடியை வரவழைக்க அங்கே சுமார் 40 கிலோ சாக்லேட்டும் பலகாரமும் கொட்டி வைத்திருந்தார்கள். கரடிகள் ஆசை தீரத் தின்றுவிட்டன. சோதித்துப் பார்த்ததில், சாக்லேட்டில் உள்ள விஷம்தான் காரணம் என்று தெரிந்தது.

கிஸ்மிஸ் பழம்

சாக்லேட் ஆகாது என்பதாவது நாய் வளர்க்கும் சிலருக்குத் தெரியும். கிஸ்மிஸ் ஆகாது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

லட்டில் கிஸ்மிஸ். கேசரியில் கிஸ்மிஸ். பாயசத்தில் கிஸ்மிஸ். பட்டிப் பொங்கலுக்கு மாட்டுக்கு ஊட்டிவிட்டு, மிச்சத்தை நாய்க்கு வைக்கிறோமே, அந்தச் சர்க்கரைப் பொங்கலிலும் கிஸ்மிஸ். வருஷக் கடைசியில் பேக்கரிகளில் அடுக்கி வைக்கும் பிளம் கேக்கில் கேட்கவே வேண்டாம். பச்சைத் திராட்சை, கறுப்புத் திராட்சை, கம்பம் பன்னீர்த் திராட்சை எதுவானாலும் நாய்க்கு ஆகாது. உலர்ந்தால் சத்து சுண்டிப்போவதால், அதே எடையில் கிஸ்மிஸ்தான் இன்னும் கெடுதல்.

திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. தின்ற ஒரு நாளைக்குள் வாந்தி எடுக்கும். பிறகு சோர்ந்து படுக்கும். சோறு தின்னாது. இரண்டு மூன்று நாளில் மூத்திரம் குறையும்; நின்றே போகும். அதற்கு மேல் காப்பாற்றுவது கஷ்டம்.

இது வெகுகாலம் வைத்தியர்களுக்கே தெரியாது. அமெரிக்காவில் விஷ முறிவு யோசனை சொல்லும் நிலையத்துக்கு வந்த கேஸ்களைச் சேர்த்துப் பார்த்து, 2001-ல்தான் மிருக வைத்தியப் பத்திரிகையில் எழுதினார்கள். திராட்சையில் எது விஷம் என்பது அதற்குப் பிறகும் 20 வருஷம் புரியவில்லை.

துப்புக் கிடைத்த கதை வேடிக்கையானது. ஒரு வீட்டில், குழந்தைகள் விளையாடுவதற்காகப் பிசைந்து வைத்த மாவை நாய் தின்றுவிட்டது. திராட்சை தின்ற நாய் மாதிரியே அதற்கும் சிறுநீரகம் கெட்டது. மாவில் திராட்சை கிடையாது! ஆனால் கேக் வேலைக்குப் பயன்படும் ஒரு புளிப்புத் தூள் அதில் கலந்திருந்தது. அந்தப் புளிப்புக்குக் காரணம் டார்ட்டாரிக் அமிலம். திராட்சையில் இருப்பதும் அதே அமிலம்தான்! 2021-ல் இதை எழுதினார்கள். அடுத்த வருஷம் வந்த கட்டுரையில் இன்னொரு பண்டத்தையும் சேர்த்தார்கள். என்ன தெரியுமா? நம் புளி!

உடனே கலவரப்பட வேண்டாம். ரசஞ்சோறு தின்று வளர்ந்த நாய்கள் நம் ஊரில் ஏராளம். ரசத்தில் கரைகிற புளி கொஞ்சம்தான். ஆனால் குழந்தைகள் சப்புகிற புளி மிட்டாயையும், கொட்டை எடுத்துக் காய வைத்த புளியையும் நாய்க்கு எட்டாமல் வையுங்கள்.

எங்கள் மணி

இவ்வளவு அக்கறையாக எழுதுகிறாயே, என்ன காரணம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எங்கள் தோட்டம் பொங்கலூர்ப் பக்கம். ஆட்டுப் பட்டிக்குக் காவலாக மணி என்று ஒரு நாய் இருந்தது. செவலை நிறம். நடுத்தர உருவம். 1998-ம் வருஷம், தீபாவளிக்கு முந்திய நாள். எனக்கு 8 வயது. அம்மா லட்டுக்கு எடுத்து வைத்த கிஸ்மிஸ் பொட்டலத்தில் எறும்பு ஏறிவிட்டது. "தூக்கி எறிஞ்சிடு கண்ணு" என்று என்னிடம் கொடுத்தார். எறிய மனம் வரவில்லை. மணிக்குப் போட்டேன். பொட்டலம் முழுவதும் தின்றுவிட்டு என் கையை நக்கியது.

அன்று ராத்திரி வாந்தி எடுத்தது. தீபாவளி அன்று எழுந்திருக்கவில்லை. வெடிச் சத்தத்துக்குப் பயந்து படுத்திருக்கிறது என்று நினைத்தோம். தண்ணீரை மட்டும் நக்கி நக்கிக் குடித்தது. ஐந்தாம் நாள் பட்டி வாசலில் செத்துக் கிடந்தது.

பக்கத்துத் தோட்டத்து மாமாவின் கோழிகளை மணி இரண்டு தடவை கடித்திருக்கிறது. "இந்த நாயை ஒரு நாளைக்குத் தீர்த்துக் கட்டாம விடமாட்டேன்" என்று அவர் கோபத்தில் சொன்னதும் உண்டு. அப்பாவுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. வேலி ஓரம் போய் நின்று, "மருந்து வெச்சுக் கொன்னுட்டயே!" என்று கத்தினார். அவர் இல்லை என்று சத்தியம் செய்தார். அப்பா நம்பவில்லை. கூட்டுக் கிணற்றில் தண்ணீர் முறைக்குச் சண்டை. இரண்டு வீட்டுக் கல்யாணத்துக்கும் பத்திரிகை போகவில்லை. 20 வருஷத்துக்கு மேல் பேச்சு வார்த்தை கிடையாது.

சில வருஷங்களுக்கு முன்பு, வேறு ஒரு கட்டுரைக்காக ஒரு கால்நடை டாக்டரைப் பார்க்கப் போனேன். பேச்சோடு பேச்சாக, "தீபாவளி முடிந்தால் சிறுநீரகம் கெட்ட நாய்கள் வரும். கிஸ்மிஸ் செய்கிற வேலை" என்றார். என் வயிற்றைக் கலக்கியது.

மணி கிஸ்மிஸால்தான் செத்தது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. உடலை யாரும் சோதிக்கவில்லை. ஆனால் பயிர் மருந்து தின்ற நாய் பெரும்பாலும் சில மணி நேரத்தில் நுரை தள்ளித் துடிக்கும். மணி ஐந்து நாள் கிடந்தது. முதலில் வாந்தி, பிறகு சோர்வு, பிறகு சாவு. டாக்டர் சொன்ன வரிசை அப்படியே!

நாய் செத்தால் உடனே "யாரோ விஷம் வைத்துவிட்டார்கள்" என்கிறோம். விஷம் வைக்கிற பாவிகளும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் சட்டையைப் பிடிப்பதற்கு முன், நம் வீட்டுப் பலகாரப் பெட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது.

967

இனி ஒரு புது எதிரி. சர்க்கரை நோய் பெருகிவிட்டதல்லவா? சர்க்கரை இல்லாத இனிப்பு, சர்க்கரை இல்லாத சூயிங்கம் என்று விற்கிறார்கள். இவற்றில் சிலவற்றில் 'சைலிட்டால்' என்ற பொருளைப் போடுகிறார்கள். சில பற்பசைகளிலும் உண்டு. மனிதனுக்குக் கெடுதல் இல்லை. நாய் தின்றால், உள்ளே சர்க்கரைதான் வந்துவிட்டது என்று அதன் உடம்பு ஏமாந்து, இன்சுலினைக் கொட்டிவிடும். ரத்தத்தில் சர்க்கரை சரசரவென்று இறங்கும். அரை மணி நேரத்திலேயே கால் தள்ளாடி நாய் விழலாம். அதிகம் தின்றால் ஈரலும் கெடும்.

இங்கிலீஷ் படிக்கத் தெரியாவிட்டாலும் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பொட்டலத்தின் பின்பக்கம், சேர்த்த பொருள்களின் பட்டியலில் சின்ன எழுத்தில் எண்கள் போட்டிருப்பார்கள். அதில் 967 இருந்தால் அது சைலிட்டால். நாய் இருக்கிற வீட்டில் அந்தப் பொட்டலம் பீரோவுக்குள் இருக்கட்டும்.

"எங்கள் நாய்க்கு ஒன்றும் ஆகவில்லையே!"

இப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். "பத்து வருஷமா எங்க நாய் லட்டுத் தின்னுதுங்க. கல்லு மாதிரி இருக்குது" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. திராட்சைக்குத் திராட்சை அமிலத்தின் அளவு மாறும். நாய்க்கு நாய் தாங்கும் சக்தி மாறும். ஒரு நாய் ஒரு கை தின்றுவிட்டுச் சும்மா இருக்கும். இன்னொரு நாய் அதில் பாதியில் செத்துவிடும். உங்கள் நாய் எந்த ரகம் என்று முன்கூட்டிச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. பரிசுச் சீட்டில் தோற்றால் பணம்தான் போகும்!

"வாயில்லா ஜீவன் ஆசையாப் பாக்குது, குடுக்காம எப்படிங்க?" என்று கேட்கும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. நாய் ஆசையாகப் பார்ப்பது உங்கள் கையை. கையில் லட்டுத்தான் இருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை. அவித்த முட்டையில் பாதி கொடுங்கள். கறிக்கோழிக்குப் பஞ்சமில்லாத ஊரில், எலும்பு நீக்கி, மசாலா சேர்க்காமல் வேகவைத்த இரண்டு துண்டு கொடுங்கள். வாலை ஆட்டுகிறதா இல்லையா, பாருங்கள். டீயில் நனைத்த பன் மட்டும் வேண்டாம். டீயிலும் காபின் இருக்கிறது.

தப்பித் தவறி நாய் தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். என்ன தின்றது, எவ்வளவு தின்றது, எத்தனை மணிக்கு என்று பார்த்து, பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தின்று இரண்டு மணி நேரத்துக்குள் போனால், டாக்டர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைக்கலாம். வீட்டிலேயே உப்புத் தண்ணீரைக் கரைத்து ஊற்றாதீர்கள். உப்பு மிஞ்சினால் அதுவே நாய்க்கு விஷம். எங்கே போவது என்று தெரியாவிட்டால், கால்நடைகளுக்கான உதவி எண் 1962. கூப்பிட்டுக் கேட்கலாம்.

ஒரு வரி போதும்

நம் ஜனங்களைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அவர்களுக்கு யார் சொன்னார்கள்? பண்டப் பொட்டலத்தில் விவரங்கள் இங்கிலீஷிலோ இந்தியிலோ இருந்தால் சட்டத்துக்குப் போதும். தமிழ் கட்டாயம் இல்லை. 'நாய்க்குக் கொடுக்காதீர்' என்று தமிழில் ஒரு வரி அச்சடித்தால், கம்பெனிக்கு என்ன நஷ்டம் வந்துவிடும்? மை செலவுகூட ஆகாது.

கம்பெனிகள் செய்கிறபோது செய்யட்டும். உள்ளூரிலேயே செய்யக்கூடியது இருக்கிறது. கால்நடை ஆஸ்பத்திரிகளில் கோமாரி நோய்க்குச் சுவரொட்டி இருக்கிறது. வெறிநாய்க்கடிக்குச் சுவரொட்டி இருக்கிறது. பக்கத்தில் இன்னொன்று ஒட்டலாம். சாக்லேட், கிஸ்மிஸ், சூயிங்கம் என்று மூன்று படங்கள். மேலே ஒரு பெருக்கல் குறி. எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரியும். நம் மாவட்டத்து உடுமலைப்பேட்டையிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அந்த மாணவர்கள் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பத்து நிமிஷம் பேசினால் போதும். நாய்க்கு மிட்டாய் கொடுப்பவர்கள் பெரும்பாலும் குழந்தைகள்தான். 8 வயதில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால், அந்தப் பொட்டலத்தைக் குப்பையில் போட்டிருப்பேன்.

வேலிக்கு அந்தப் பக்கம்

டாக்டர் சொன்னதை அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொன்னேன். நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, "இதை அவங்கிட்ட யார் போய்ச் சொல்றது?" என்றார்.

நான்தான் போனேன். மாமாவுக்கு வயதாகிவிட்டது. திண்ணையில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் எல்லாம் சொன்னேன். கிஸ்மிஸ் போட்டது நான் என்றும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அது ஆச்சு கண்ணு, இருபது வருசத்துக்கு மேல" என்றார். "டீ குடிச்சுட்டுப் போ."

டீ வந்தது. கூடவே ஒரு தட்டில் சாக்லேட் கிரீம் பிஸ்கட்டும் வந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு நாய்க்குட்டி எட்டிப் பார்த்தது. பழக்க தோஷம், மாமாவின் கை ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கீழே நீட்டியது. பிறகு என்னைப் பார்த்தார். பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டு, உள்ளே பார்த்து, "ஏம்மா, காலையில வெச்ச முட்டை இருந்தா ஒண்ணு கொண்டாம்மா" என்று குரல் கொடுத்தார்.